“கால் நோகுது சேர்” என்று பிள்ளை சொன்னால்...



அன்பின் பெற்றோர்களே, பழைய மாணவர்களே, ஊரவர்களே,

நோன்பு விடுமுறை முடிந்து பாடசாலை திறந்துவிட்டது. மைதானத்தில் கோடு போடும் வேலை தொடங்கியாயிற்று. இன்னும் சில கிழமைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி. அதன் பின்னால் கோட்டம், வலயம், மாகாணம் என்று வரிசையாக வரும். வழமையாக இந்த நாட்களில் நாங்கள் இங்கே எழுதுவது அனுசரணை கேட்டுத்தான். ரீசேட்டுக்கும், கேடயத்துக்கும், பந்தலுக்கும் உங்கள் கதவைத் தட்டுவோம். நீங்களும் குறை வைத்ததில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இந்த முறை காசு கேட்டு எழுதவில்லை. நாங்கள் விட்ட ஒரு பிழையைச் சொல்லத்தான் எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. ஓடுகிற பிள்ளை உள்ள வீட்டில் ஒருவராவது கடைசி வரை வாசித்து விடுங்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் எங்களிடம் ஒரு மகன் இருந்தான். 1500 மீற்றர் ஓடுவான். பயிற்சி தொடங்கி மூன்றாவது கிழமையில், “சேர், ரெண்டு காலும் நோகுது” என்று வந்து நின்றான். காட்டச் சொன்னோம். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில், காலின் உள்பக்க எலும்போரத்தில், ஒரு சாண் நீளத்துக்குக் கையால் தடவிக் காட்டினான். ஓடத் தொடங்கும்போது நோகும், உடம்பு சூடேறினால் குறையும், ஓடி முடித்து வீட்டுக்குப் போனால் திரும்பவும் நோகும் என்றான். தைலம் பூசினோம். ஓட்டத்தைக் குறைத்தோம். மூன்று நான்கு கிழமையில் சரியாகிவிட்டான். நாங்களும் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். கால் எலும்பில் வலியா? கொஞ்சம் தைலம், கொஞ்சம் ஓய்வு, பிறகு ஓடு. இதுதான் எங்கள் வைத்தியம்.

அடுத்த வருடம் ஒரு மகள் வந்தாள். பதினைந்து வயது. 2023 ஒக்டோபரில் ஹங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரி மாணவி தருஷி கருணாரத்ன 800 மீற்றரை 2 நிமிடம் 3.20 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார் அல்லவா? அந்த ஓட்டத்தைக் கைபேசியில் எத்தனை தடவை பார்த்திருப்பாளோ தெரியாது. தானும் 800 மீற்றர்தான் ஓடுவேன் என்று நின்றாள். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளையை ஓடவிட வீட்டில் சம்மதம் வாங்குவது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவளுடைய வாப்பா சம்மதித்தது எங்களை நம்பித்தான்.

நோன்பு மாதம் முழுக்க ஓட்டம் இல்லை. பெருநாள் முடிந்து பாடசாலை திறந்த முதல் கிழமையே நாளாந்தப் பயிற்சியைத் தொடங்கினோம். கிழமைக்கு ஐந்து நாள். இரண்டு நாள் மைதானம், இரண்டு நாள் கற்பிட்டி வீதியோரம், சனிக்கிழமை கடற்கரை மணல். போட்டிக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. அவசரம்.

நான்காவது கிழமையில் அவளும் சொன்னாள், “கால் நோகுது சேர்” என்று. எங்கே என்று கேட்டோம். குனிந்து இடது காலின் ஓரிடத்தை உடுப்புக்கு மேலாலேயே ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினாள். நாங்கள் ஆண்கள், அவள் வயதுக்கு வந்த பிள்ளை. அவளும் உயர்த்திக் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆசிரியை ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாம். அது எங்கள் யோசனையில் வரவில்லை. “போன வருஷமும் ஒருத்தனுக்கு இப்படித்தான் வந்தது. தைலம் பூசு, ஓட ஓடச் சரியாகும்” என்றோம். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அணியில் இருந்து எடுத்துவிடுவோமோ என்று பயந்திருக்கிறாள்.

வலயப் போட்டியில் இரண்டாமிடம் வந்தாள். கடைசி நூறு மீற்றரில் நொண்டி நொண்டித்தான் ஓடினாள். நாங்கள் கைதட்டினோம். கோட்டைத் தாண்டியதும் விழுந்தவளுக்கு இடது காலை நிலத்தில் ஊன்ற முடியவில்லை.

வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வைத்தியர் அந்த ஓரிடத்தை விரலால் அழுத்தியதும் பிள்ளை துடித்த துடிப்பைப் பார்த்துவிட்டு, காலுக்குப் பாரம் கொடுக்க வேண்டாம், இரண்டு கிழமையில் திரும்ப வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். இரண்டாவது எக்ஸ்ரேயில் தெரிந்தது. எலும்பில் மெல்லிய வெடிப்பு.

நாங்கள் வீட்டுக்குப் போனோம். உம்மா கதிரை போட்டு, தேத்தண்ணீர் தந்து, மரியாதையாகத்தான் பேசினார். “சேர், இவ வீட்டில ராவைக்குக் கால் நோவில அழுதா. சேர்மார்ட்ட சொல்லல்லையா எண்டு கேட்டேன். சொன்னேன் உம்மா, ஓட ஓடச் சரியாகும் எண்டு சொன்னாங்க எண்டா.” வாப்பா ஒரே ஒரு வசனம்தான் சொன்னார். “இனி ஓட்டம் வேணாம் சேர்.” எங்களிடம் பதில் இருக்கவில்லை. அந்தத் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தது எப்படி என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் படிக்கத் தொடங்கினோம். வைத்தியர்களிடம் கேட்டோம், உடற்கல்விப் பயிற்சிக்குப் போனபோது கேட்டோம், வாசித்தோம். விளங்கிக்கொண்டதை எங்கள் மொழியில் சொல்கிறோம்.

முதலாவது, இந்த வலிக்கு ஆங்கிலத்தில் ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்று பெயர். வைத்தியர்கள் மீடியல் டிபியல் ஸ்ட்ரெஸ் சின்ட்ரோம் என்பார்கள். கணைக்கால் உள்ளென்பின் உள்ளோரத்தில், பெரும்பாலும் கீழ்ப்பாதியில் வரும் வலி. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் நிறையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 40 கிலோ பிள்ளைக்கு 80 முதல் 120 கிலோ. ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி வைத்துக்கொள்ளுங்கள். எலும்பும், அதன் மேலுள்ள மெல்லிய உறையும், அதில் பிடித்திருக்கும் தசைகளும் இதையெல்லாம் தாங்க வேண்டும்.

எலும்பு கல் அல்ல, உயிருள்ள பொருள். பாரம் கூடினால் தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. எங்கள் வீதியைத் திருத்துவதைப் பாருங்கள். முதலில் பழைய தாரைக் கிண்டி எடுப்பார்கள், பிறகுதான் புதிது போடுவார்கள். இடையில் கொஞ்ச நாள் வீதி முன்பை விட மோசமாகக் கிடக்கும். எலும்பும் அப்படித்தான். பழையதை அகற்றச் சில கிழமைகள் போதும், புதியதைக் கட்டி உறுதியாக்க மாதங்கள் வேண்டும். இந்த இடைவெளியில், அதாவது பயிற்சி தொடங்கி மூன்றாவது நான்காவது கிழமையளவில், எலும்பு கொஞ்சம் பலவீனமாக இருக்கும். அந்த நேரம் பார்த்து நாங்கள் “இன்னும் இரண்டு சுற்று ஓடு” என்கிறோம். கிண்டிய வீதியில் லொறி விட்ட கதைதான்.

இது புதிய நோயும் இல்லை. 1855 இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய இராணுவ வைத்தியர், நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதங்களில் வந்த வலியையும் வீக்கத்தையும் எழுதி வைத்தார். அப்போது எக்ஸ்ரே கூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. அது வந்தது 1895 இல். பிறகுதான் அது அழுத்தத்தால் வந்த எலும்பு வெடிப்பு என்று தெளிவானது. பெரிய வீரர்களுக்கும் இது வருகிறது. இந்தியாவின் பட்மின்டன் வீராங்கனை பி.வி. சிந்து 2022 ஓகஸ்டில் பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் தங்கம் வென்றார். இடது கணுக்காலில் வந்த இப்படியான வெடிப்பினால் அதே மாதம் டோக்கியோவில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்புக்குப் போக முடியாமல் நின்றார். அவரே நின்றார் என்றால் எங்கள் பிள்ளை ஒரு வலயப் போட்டிக்கு நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, எங்கள் கரையோரத்தில் இது ஏன் இந்த நாட்களில் வருகிறது என்று யோசித்தோம். நோன்பில் குற்றமில்லை. ஒரு மாதம் ஓடாமல் இருந்த காலை ஒரே கிழமையில் பழைய வேகத்துக்கு இழுத்த எங்கள் அவசரம்தான் குற்றம். ஏனைய பாடசாலைப் பிள்ளைகள் அந்த மாதத்திலும் பயிற்சி செய்துவிட்டு வருவார்கள், எங்கள் பிள்ளை பிந்திப்போய்விடும் என்ற பயம் எங்களுக்கு. அந்தப் பயத்தைப் பிள்ளையின் காலில் இறக்கினோம்.

அடுத்தது தரை. ஆலங்குடா, கண்டக்குளிப் பக்கத்து மணலில் ஓடினால் கால் பலக்கும் என்று நாங்களும் சொல்லி வளர்ந்தவர்கள். மெத்தென்ற மணலில் கால் புதையும்போது கெண்டைக்கால் தசை கூடுதலாக வேலை செய்கிறது. பழகாத பிள்ளைக்கு அது பெரும் சுமை. அலை ஓரத்து ஈரமணல் கெட்டிதான், ஆனால் சரிவு. ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். ஒரே பக்கமாகவே ஓடிப் போனால் சுமை ஒரு காலில் கூடும். அடுத்த நாள் தார் வீதியில் தேய்ந்த வெள்ளைச் சப்பாத்தோடு ஓட்டம். ஒரே கிழமையில் மூன்று வகைத் தரை. மணலும் வீதியும் கூடாது என்றில்லை. ஒவ்வொன்றுக்கும் பழக நாள் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அந்த மகள் பின்னேரம் பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனதும் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்வாள். எங்கள் பையன்கள் விடியற்காலையில் வலை இழுத்துவிட்டு வருவார்கள். காலுக்கு அது பயிற்சியா வேலையா என்று தெரியாது. எல்லாம் பாரம்தான்.

மூன்றாவது, இதுதான் மிக முக்கியம். அந்த மகனுக்கு வந்ததும் இந்த மகளுக்கு வந்ததும் ஒன்றல்ல. நாங்கள் ஒன்றென்று நினைத்தோம். வித்தியாசத்தை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். பிள்ளையை உட்காரவைத்து, காலின் உள்பக்க எலும்போரத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக மெதுவாக அழுத்திக்கொண்டு வாருங்கள்.

வலி பரவலாக, ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் நீண்டு இருந்தால், ஓடும்போது வந்து ஓய்ந்தால் குறைந்தால், அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ். அந்த மகன் ஒரு சாண் நீளத்துக்குத் தடவிக் காட்டினானே, அது.

வலி ஒரு நாணயம் அளவு ஓரிடத்தில் குத்தலாக இருந்தால், நடக்கும்போதும் நொந்தால், இரவில் படுக்கையில் நொந்தால், ஒற்றைக் காலில் மெதுவாக ஒருமுறை துள்ளவே முடியாவிட்டால், அது எலும்பு வெடிப்பாக இருக்கலாம். அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் போக வேண்டும். அந்த மகள் ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினாளே, அது. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் வெடிப்பே இல்லை என்று அர்த்தமில்லை. முதல் இரண்டு மூன்று கிழமையில் பல வெடிப்புகள் எக்ஸ்ரேயில் தெரியாது. திரும்ப வரச் சொன்னால் கட்டாயம் திரும்பப் போங்கள். எலும்பின் முன்பக்க விளிம்பில் ஓரிடத்தில் வலி என்றால் இன்னும் கவனம். அந்த இடத்து வெடிப்பு ஆறுவது மெத்தக் கடினம்.

மூன்றாவது வகையும் உண்டு. ஓடத் தொடங்கிக் குறிப்பிட்ட நேரத்தில் கால் இறுகி, கல் மாதிரியாகி, பாதம் மரத்துப் போய், நின்றால் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். இது தசையறைக்குள் அழுத்தம் கூடுவதால் வருவது. இதையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அடிபட்ட பிறகு இப்படி இறுகி, வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

நான்காவது, ஷின் ஸ்பிளின்ட்ஸ் தான் என்றால் என்ன செய்வது? இதற்கு மந்திர மருந்து இல்லை. பாரத்தைக் குறைப்பதுதான் மருந்து. வலி வராத அளவுக்கு ஓட்டத்தைக் குறையுங்கள், தேவைப்பட்டால் நிறுத்துங்கள். சும்மா படுத்துக் கிடக்கத் தேவையில்லை. சைக்கிள் ஓடலாம், நீந்தத் தெரிந்தவர் நீந்தலாம், அதில் வலி வராவிட்டால். ஐஸ் வைக்கலாம். மீன் வாடி உள்ள ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் துணியில் சுற்றி, 15 நிமிடம் மட்டும். வெறும் ஐஸைத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். ஐஸ் வலியைக் குறைக்கும், எலும்பைக் கட்டாது. தைலமும் அப்படித்தான். வலிமாத்திரை போட்டுவிட்டு ஓடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். வலி என்பது உடம்பு அனுப்பும் செய்தி. மாத்திரை அந்தச் செய்தியை மறைத்துவிடும், வெடிப்பை மறைக்காது. நோகிற எலும்பின் மேல் எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதும் வேண்டாம்.

திரும்ப ஓடுவது எப்போது? அழுத்தினால் வலியில்லை, 30 நிமிடம் வேகமாக நடந்தாலும் வலியில்லை என்ற நிலை முதலில் வர வேண்டும். பிறகு ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலியில்லாவிட்டால் அடுத்த கிழமை கொஞ்சம் கூட்டுவது, வலித்தால் ஒரு படி இறங்குவது. தூரத்தையும் வேகத்தையும் ஒரே கிழமையில் சேர்த்துக் கூட்டக் கூடாது. சிலருக்கு மூன்று கிழமை, சிலருக்கு மூன்று மாதத்துக்கு மேலும் எடுக்கும். வெடிப்பு என்றால் வைத்தியர் சொல்லும் கணக்குத்தான், எங்கள் கணக்கோ வலயத்தின் கணக்கோ அல்ல.

இனி, வராமல் தடுக்க நாங்கள் மாற்றியவை.

நோன்பு விடுமுறைக்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டோம், அந்த மாதத்தில் கிழமைக்கு மூன்று நாள் 20 நிமிட நடை போதும் என்று. இயன்றவர்கள் நோன்பு திறந்து சற்று நேரம் கழித்து நடந்தார்கள். பாடசாலை திறந்த முதல் இரண்டு கிழமையும் நடையும் மெதுவோட்டமும் மட்டும். ஸ்பைக்ஸ் இல்லை, நேரம் பார்ப்பதில்லை. இல்லப் போட்டியில் இந்த முறை நேரங்கள் கொஞ்சம் மோசமாக இருக்கலாம். யாரும் கேட்டால் நாங்கள் பதில் சொல்கிறோம்.

ஒவ்வொரு பயிற்சியிலும் படியில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி, 15 தடவை வீதம் மூன்று முறை. கெண்டைக்கால் தசை பலமாக இருந்தால் எலும்புக்குப் போகும் பாரம் குறையும். கிழமைக்கு இரண்டு நாள் முழு ஓய்வு. வீட்டில் தோட்ட வேலை கூடிய நாளில் பிள்ளை சொன்னால் பயிற்சியைக் குறைப்போம்.

பெண் பிள்ளைகளின் பயிற்சி முழுவதும் ஓர் ஆசிரியை மைதானத்தில் நிற்பார். வலி என்றால் அவரிடம்தான் சொல்வது, அவர்தான் பார்ப்பது. மாதவிடாய் தொடர்ந்து சில மாதம் நின்றுபோனால் அதையும் அவரிடமோ உம்மாவிடமோ சொல்ல வேண்டும். அளவுக்கு மீறி ஓடி, போதாமல் சாப்பிடும் பிள்ளைக்கு அப்படி நிற்கலாம், அப்போது எலும்பும் மெலியும். இது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை, வைத்தியரிடம் போக வேண்டிய விஷயம்.

சாப்பாட்டில் பெரிய செலவு தேவையில்லை. நெத்தலியை முள்ளோடு சாப்பிடக் கொடுங்கள், பால், முட்டை, கீரை கொடுங்கள். காலைச் சாப்பாடு இல்லாமல் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்தான், ஆனால் உடம்பு முழுக்க மூடி, வகுப்பறைக்கும் வீட்டுக்குமாக இருக்கும் பிள்ளைக்கு விட்டமின் டி குறையலாம். வீட்டு முற்றத்தில், மறைவான இடத்தில், கை கால்களில் கொஞ்சம் வெயில் படவிடுவது நல்லது.

சப்பாத்து விலை எங்களுக்கும் தெரியும். அடி தேய்ந்து, ஒரு பக்கம் சாய்ந்த சப்பாத்தை மட்டும் ஓட்டத்துக்குப் போடவிடாதீர்கள். இந்த முறை அனுசரணை தரவிரும்புவோர் கேடயத்துக்குப் பதிலாக நான்கு பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கித் தந்தால் எங்களுக்கு அதுவே கேடயம். (பாருங்கள், காசு கேட்கவில்லை என்று தொடங்கிவிட்டுக் கேட்டுவிட்டோம். மன்னித்துக்கொள்ளுங்கள்.)

அந்த மகளைப் பற்றிக் கேட்பீர்கள். அல்லாஹ்வின் அருளால் கால் ஆறிவிட்டது. மாகாணப் போட்டி நடந்த நாளில் அவள் வீட்டில்தான் இருந்தாள். அந்த நாளை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியாது. பல மாதம் கழித்து ஒரு பின்னேரம் மைதானத்துக்கு வந்து, ஓடாமல், ஒரு சுற்று நடந்துவிட்டுப் போனாள். வாப்பா மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, “நடக்கட்டும் சேர், ஓடுறத பொறகு பாப்பம்” என்றார். இன்னும் அந்தப் “பிறகு” வரவில்லை. நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

ஆனால் கடந்த கிழமை சின்னப் பிள்ளை ஒன்று காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, எங்களுக்கு முன்னால் ஓடிப்போனது அவள்தான். குனிந்து, “ஒரு விரலால காட்டு, எந்த இடம்?” என்று கேட்டாள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கால் நோகிறது என்றால் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். நாங்கள் அப்படிச் சொன்னால் வந்து எங்களைக் கேளுங்கள். கோபிக்க மாட்டோம்.

தெரிந்த வைத்தியர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள் இதில் பிழை கண்டால் கீழே திருத்துங்கள். ஓடுகிற பிள்ளை உள்ள வீடுகளுக்கு அனுப்பி விடுங்கள்.

வஸ்ஸலாம்.